பட்டனை அழுத்திப் பார்க்காமல் சாவி வாங்கினேன்

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை காலை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் பழைய வீடொன்றின் தரைத்தளத்துக்குச் சாவி வாங்கினேன். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் வேலை எனக்கு. கணவரும் நான்கு வயது மகளும் திருநெல்வேலியில் இருந்தார்கள். ஜனவரியில் வருவதாக ஏற்பாடு. ஏழு மாதமாக மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த எனக்கு, தனியாக ஒரு சமையலறையும் சாத்திக்கொள்ள ஒரு கதவும் கிடைத்ததே பெரிதாக இருந்தது. மாத வாடகை 1,150 பவுண்டு, முன்பணம் 1,300 பவுண்டு. வீட்டு உரிமையாளர் தமிழர். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே என்னைத் "தங்கச்சி" என்றார்; நானும் "அண்ணா" என்றேன். அதற்குப் பிறகு கேஸ் சான்றிதழ் எங்கே, அலாரம் சோதித்த தாள் எங்கே என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த இரண்டு மாதம் நான் பட்டதற்கெல்லாம் வேர் அந்தக் கூச்சம்தான்.

வீட்டைச் சுற்றிக் காட்டிய பிறகு அவர் இரண்டு பக்கத் தாளை நீட்டினார். கட்டில், அலமாரி, திரைச்சீலை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்ற பட்டியல். நடுவில் ஒரு வரி: "புகை அலாரம் வேலை செய்கிறது." நடையின் கூரையில் வெள்ளை நிறத்தில் வட்டமாக ஒரு டப்பா இருந்தது. அண்ணாந்து பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். அதற்குள் பேட்டரியே இல்லை என்பது டிசம்பரில்தான் தெரிந்தது. எனக்கு முன்பு குடியிருந்தவர்கள் கடுகு தாளிக்கும்போதெல்லாம் அது அலறியிருக்கிறது. பொறுக்க முடியாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். நம் வீடுகளில் பலர் இதைச் செய்கிறார்கள், சிலர் பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடிவைக்கிறார்கள். தாளிப்புப் புகை தொல்லை என்றால் உரிமையாளரிடம் சொல்லி அலாரத்தைச் சமையலறையிலிருந்து தள்ளி மாற்றச் சொல்லுங்கள். சமையலறைக்கென்றே புகைக்கு அசையாமல் வெப்பத்துக்கு மட்டும் ஒலிக்கும் அலாரம் தனியாக விற்கிறது. கழற்றிப் போட்டுவிட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் அதே கூரையின் கீழ் நம்பிக்கையோடு தூங்குவார், நான் தூங்கியதுபோல.

முன்னறைச் சுவரில், அறையைச் சூடாக்கும் பழைய கேஸ் கணப்பு ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் நிலக்கரி எரித்த அடுப்பின் வாயில் அதைப் பொருத்தியிருந்தார்கள். புகை பழைய புகைபோக்கி வழியாகவே மேலே போக வேண்டும். வீட்டில் பாய்லரும் ரேடியேட்டர்களும் இருந்தன. ஆனால் கார்டில் பணம் ஏற்றினால்தான் கேஸ் வரும் மீட்டர் அது. அந்தக் குளிர்காலத்தில் கேஸ் விற்ற விலைக்கு முழு வீட்டையும் சூடாக்க எனக்கு மனம் வரவில்லை. நவம்பர் முதல் வாரத்திலிருந்து அந்தக் கணப்பை மட்டும் எரித்தேன். காலை எட்டரைக்கு வேலையிலிருந்து திரும்பியதும் அதைப் பற்றவைத்து, எதிரில் கிடந்த சோபாவிலேயே படுத்து மாலை நான்கு வரை தூங்குவேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் அளவுக்குத் துளைகள் போட்ட காற்றுப்போக்கி சுவரில் இருந்தது. அதன் வழியாக ஊசிபோல் குளிர் நுழைந்தது. ஓர் ஞாயிற்றுக்கிழமை அட்டையை வெட்டி வைத்து, அகலமான டேப்பால் அதை ஒட்டி மூடினேன். அந்தத் துளை இருப்பது கணப்பு எரியக் காற்று வருவதற்காக என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்தில் தலைவலி தொடங்கியது. நெற்றியை இறுக்கிக் கட்டியதுபோல் ஒரு வலி; மாலையில் எழும்போது வாய் வறண்டு, குமட்டிக்கொண்டு, படிக்கட்டே இல்லாத வீட்டில் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். இரவு ஷிப்ட்டால் வருகிறது என்று நினைத்தேன். வேலைக்குப் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்துவிடும். இந்த முரணை நான் கவனிக்கவே இல்லை. உடல் கெட்டவளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தால் இன்னும் கெட வேண்டும். எனக்கோ வேலையில் சரியாகி, ஓய்வெடுக்கும் வீட்டில் கெட்டது. விடுமுறை நாள்கள் தொடர்ந்து வந்தால் எழுந்திருக்கவே முடியாது. நவம்பர் கடைசிக்குள் ஐந்து ஷிப்ட்டை விட்டுவிட்டேன். ஒரு நாளும் இரண்டு நாளுமாகத் துண்டு துண்டாக விட்டதால் சட்டப்படியான நோய்க்கால ஊதியமும் கிடைக்கவில்லை. அப்போது அதற்குத் தொடர்ந்து நான்கு நாளாவது உடல்நலமில்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

குடும்ப மருத்துவரிடம் இரண்டு முறை போனேன். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார்கள்: 98 சதவீதம். காய்ச்சல் இல்லை. வைரஸ் தொற்றாக இருக்கும், ஓய்வெடுங்கள், வெதுவெதுப்பாக இருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணப்பை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துப் படுத்தேன். இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. நான் தினமும் முதியவர்களின் விரலில் மாட்டும் கருவி அது. அது இந்த விஷயத்தில் ஏமாற்றும் என்று எனக்கே தெரியாது. சரியாக எரியாத நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிய இரத்தத்தையும், ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் சாதாரண விரல் ஆக்சிமீட்டரால் பிரித்தறிய முடியாது. இரண்டையும் நல்ல எண்ணாகவே காட்டும். இரத்தத்தை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதிலும் நேரம் முக்கியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நான்கைந்து மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். இரவெல்லாம் வேலையில் இருந்துவிட்டுக் காலையில் நேராக மருத்துவரிடம் போனால், பரிசோதித்தாலும் பெரிதாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் "வீட்டில் இருந்தால் வலிக்கிறது, வெளியே வந்தால் சரியாகிறது" என்று அந்தச் சொற்களிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் தலைவலி, வாந்தி, சோர்வு என்று மட்டும் சொன்னேன்.

வீடும் தன்னால் முடிந்தவரை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கணப்பின் தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக, தளர்ந்து ஆடியது. (அலங்காரத்துக்காகவே மஞ்சள் சுடர் காட்டும் கணப்புகளும் உண்டு, என்னுடையது அந்த வகை அல்ல.) கணப்புக்கு மேலே சுவரில் பழுப்பாக ஒரு கறை படர்ந்து வந்தது, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். மாலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் வழியும். துணி உலர்த்துவதால் என்று நினைத்தேன். எரியும்போதே இரண்டொரு முறை தானாக அணைந்தது. எல்லாமே வெளியே போக வேண்டிய புகை அறைக்குள் திரும்புவதன் அடையாளங்கள். எனக்கு ஒரே ஓர் எச்சரிக்கைதான் பழக்கம்: நாற்றம். ஊரில் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும். ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடுவோம். அந்த நாற்றம் கசிவு தெரிய வேண்டும் என்று எரிவாயுவில் கலக்கப்படுவது. எரிந்தபின் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணைக்கூடக் கரிக்காது. கொடைக்கானலில் குளிருக்காகக் கரி நெருப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்து உச்சுக் கொட்டியிருக்கிறேன். அந்த விஷமும் என் முன்னறையில் எரிந்ததும் ஒன்று என்று ஒருநாளும் தோன்றவில்லை.

காப்பாற்றியது எங்கள் இல்லத்தில் மூத்த பணியாளராக இருக்கும் வவுனியா அக்கா. டிசம்பர் 11 இரவு, தேநீர் குடிக்கும்போது, "இங்கே வந்தால்தான் அக்கா எனக்குத் தலை தெளிகிறது" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பிள்ளை, உன் வீட்டில் என்ன எரிகிறது?" என்றார். கணப்பைச் சொன்னேன். "கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா?" கூரையில் ஒன்று இருக்கிறது என்றேன். "அது புகைக்கு. இது வேறு. நாளை காலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதே" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். அந்தக் கேள்வியை யாராவது நவம்பரில் கேட்டிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மறுநாள் காலை வழியில் ஒரு கடையில் 18 பவுண்டுக்கு எண் காட்டும் திரை வைத்த அலாரம் வாங்கினேன். பெட்டியில் பி.எஸ். இ.என். 50291 என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருந்தார் அக்கா. கணப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி அலமாரியில், தலை உயரத்துக்கு வைத்தேன். ஒன்றிலிருந்து மூன்று மீட்டருக்குள் வைக்க வேண்டும். வழக்கம்போல் கணப்பைப் பற்றவைத்தேன். திரையில் எண் ஏறத் தொடங்கியது: 34, 61, 90. அலாரமோ மௌனமாக இருந்தது. பழுதோ என்றுகூட நினைத்தேன். பழுதில்லை, அந்தத் தர விதியே அப்படித்தான். காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் (திரை காட்டுவதும் அந்தப் பங்கைத்தான்) ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்றே நிமிடத்துக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். உடலில் எவ்வளவு ஏறும் என்ற கணக்கில் வைத்த நேரம் அது. திரையில் 118 இருந்தபோது நான்கு முறை, இடைவெளி, மறுபடி நான்கு முறை என்று அலறியது. நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் "கீச்" என்றால் பேட்டரி தீர்கிறது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிகிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைப் பெட்டியைப் பிரித்த அன்றே கையேட்டில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அலாரம் அலற அலற, அறைக்குள் நின்றுகொண்டே, முதலில் உரிமையாளரை அழைத்தேன். "மலிவான அலாரம் எல்லாம் சும்மா கத்தும் தங்கச்சி, பேட்டரியைக் கழற்றி வையுங்கள், வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றார். ஒரு நொடி அதை நம்பக்கூடத் தயாராக இருந்தேன். நம்பிவிட்டால் அவரோடு மனக்கசப்பு இல்லாமல் போகும் அல்லவா. பிறகு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. கணப்பை அணைத்தேன், கதவையும் ஜன்னலையும் திறந்தேன், வெளியே வந்து அக்கா எழுதிக் கொடுத்திருந்த எண்ணை அழைத்தேன். 0800 111 999. பிரிட்டன் முழுக்கவும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் கேஸ் அவசர உதவி எண், கட்டணம் கிடையாது. ஆங்கிலம் தடுமாறியது. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக, மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி கேஸை மூட எனக்குப் பாதுகாப்பான வழி இருக்கிறதா, வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா, மயக்கம் வருகிறதா என்று கேட்டார். மயக்கம் அதிகமாக இருந்தால் பொது அவசர எண்ணான 999ஐ அழைக்கச் சொன்னார். செருப்போடு, மேல்கோட்டு இல்லாமல், டிசம்பர் குளிரில் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். அந்த நேரம் முழுக்க ஒரே நினைப்புதான்: ஜனவரி 11 விமானத்தில் என் மகள் வருகிறாள். அந்தச் சோபாவை விரித்து அவளை அங்கேதான் படுக்கவைப்பதாக இருந்தேன். சூடான இடம் என்பதால்.

வந்த பொறியாளர் கையில் ஒரு கருவியோடு உள்ளே போனார். சில நிமிடத்தில் வெளியே வந்து, "இன்று இங்கே தூங்க வேண்டாம்" என்றார். கணப்புக்குப் போகும் கேஸைத் துண்டித்து, "உடனடி ஆபத்து" என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கட்டினார். அவசரமாக வருகிறவர் ஆபத்தை நிறுத்துவார், பழுதுபார்க்க மாட்டார். அது உரிமையாளர் ஏற்பாடு செய்ய வேண்டியது. பக்கத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறிய அளவு இயல்பைவிட அதிகமாக இருந்தது. புகைபிடிக்காத ஒருவருக்கு அது மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். முழு ஆக்சிஜனில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறையும். மாலையில் விட்டார்கள். மூன்று இரவு 62 பவுண்டு வாடகையில் ஒரு விடுதியில் தங்கினேன். கணவருக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து உரிமையாளர் அனுப்பிய கேஸ் பொறியாளர் புகைவிடும் குச்சி ஒன்றைக் கணப்பின் மேல்விளிம்பில் பிடித்துக் காட்டினார். புகை மேலே இழுபட வேண்டும். அறைக்குள் சுருண்டு திரும்பியது. கணப்பைக் கழற்றினால் பின்னால் உதிர்ந்த காரையும், பறவைக் கூட்டின் சுள்ளிகளும், கரியும் ஒரு வாளி நிறைய. போக வழியும் இல்லை, நான் ஒட்டிய டேப்பால் காற்று வர வழியும் இல்லை. ஆண்டுதோறும் சோதித்திருந்தால் அந்தச் சுள்ளிகள் அப்போதே கண்ணில் பட்டிருக்கும் என்றார்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நான் படிக்கத் தொடங்கியது அன்று இரவு, விடுதிக் கட்டிலில். இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒரு புகை அலாரம் வைக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. கார்பன் மோனாக்சைடு அலாரம் அப்போது விறகு, நிலக்கரி எரியும் அறைக்கு மட்டும்தான் கட்டாயம். 2022 அக்டோபர் 1 முதல் அதை விரித்தார்கள்: கேஸ், எண்ணெய் எதுவானாலும், நிலையாகப் பொருத்திய எரிகருவி உள்ள, ஆட்கள் புழங்கும் ஒவ்வோர் அறையிலும் வேண்டும். கேஸ் சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. அதாவது நான் குடிபோவதற்கு ஓராண்டுக்கு முன்பே என் முன்னறையில் அந்த 18 பவுண்டு அலாரம் இருந்திருக்க வேண்டும். குடித்தனம் தொடங்கும் நாளில் ஒவ்வோர் அலாரமும் ஒலிக்கிறதா என்று உரிமையாளர் அல்லது அவர் சார்பில் ஒருவர் சோதித்தே ஆக வேண்டும். அதனால்தான் அந்தப் பட்டியலில் அப்படி ஒரு வரி இருந்தது. சோதிக்காமலே எழுதியதை நான் பார்க்காமலே ஒப்புக்கொண்டேன். பின்னாளில் அவர் எடுத்துக் காட்டியதும் என் கையெழுத்தைத்தான். தாளில் கையெழுத்துப் போடும் முன் உரிமையாளர் கண் முன்னால் பட்டனை அழுத்துங்கள். உயரமாக இருந்தால் துடைப்பக் கட்டையால் அழுத்துங்கள். அதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

குடிபோன பிறகு மாதம் ஒரு முறை சோதிப்பதும், மாற்றக்கூடிய பேட்டரி என்றால் மாற்றிப் பார்ப்பதும் நம் வேலை. மாற்றியும் ஒலிக்கவில்லை என்றாலோ, மாற்ற முடியாத வகை என்றாலோ, சொன்னவுடன் கூடிய விரைவில் சரிசெய்வதோ புதிது வைப்பதோ உரிமையாளரின் பொறுப்பு. வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். நான் கடைசியில் அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "அண்ணா, நடையில் உள்ள புகை அலாரம் ஒலிக்கவில்லை. முன்னறையில் கேஸ் கணப்பு இருந்தும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. இரண்டையும் பொருத்திவிட்டு, இந்த ஆண்டின் கேஸ் பாதுகாப்புப் பதிவையும் அனுப்புங்கள்." இதையே ஆங்கிலத்திலும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன், பின்னால் கவுன்சில் (உள்ளாட்சி) அதிகாரி கேட்டது அந்த ஆங்கில மின்னஞ்சலைத்தான்.

கேஸ் பாதுகாப்புப் பதிவு தனிக் கதை. 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, உரிமையாளருக்குச் சொந்தமான கேஸ் கருவிகளையும் புகைவழிகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை கேஸ் சேஃப் பதிவகத்தில் (கேஸ் வேலைக்கு அனுமதி பெற்றவர்களின் பட்டியல்) பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அந்தப் பதிவைப் புதிதாக வருகிறவருக்குக் குடிபோகும் முன்பே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்குச் சோதனை முடிந்த 28 நாளுக்குள். எனக்கு அவர் அனுப்பியது 2021ஆம் ஆண்டுத் தாள். அதில் பாய்லர் இருந்தது, கணப்பே இல்லை. ஆகவே பதிவு கிடைத்தால் தேதியை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவியும் அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பொறியாளரின் உரிம எண் இருக்கும். அதை கேஸ் சேஃப் பதிவகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். வீட்டுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கேட்கலாம். எந்த எந்தக் கருவியில் வேலை செய்ய அவருக்கு அனுமதி என்பது அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும்.

என் மின்னஞ்சலுக்குப் பதில் தொலைபேசியில் வந்தது. அலாரம் வாங்குவது குடியிருப்பவர் பொறுப்பு என்றார். காற்றுப்போக்கியை மூடியது நீங்கள்தானே என்றார். அது உண்மை, எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் புகைபோக்கி அடைத்திருந்ததும் அலாரம் இல்லாததும் என் டேப்பால் வந்தவை அல்ல. கவுன்சிலுக்குப் போனால் நன்றாக இருக்காது, இன்னொருவருக்கு வீடு கொடுத்துவிடுவேன் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் பயம் விலகிக் கோபம் வந்தது. மறுநாள் உள்ளூர் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன்: அலாரத் திரையின் படம், சிவப்பு அட்டையின் படம், மருத்துவமனைத் தாள், மின்னஞ்சல். விசா பாதிக்கப்படுமோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. வந்த அதிகாரி விசாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நடையில் ஸ்டூல் போட்டு ஏறி, டப்பாவைத் திருகிக் கழற்றி, காலியான பேட்டரி இடத்தை எனக்குக் காட்டினார். மாடியில் இரண்டு மாணவர்கள் குடியிருந்தார்கள். அதே புகைபோக்கி அவர்கள் சுவர் வழியாகவும் போகிறது. அங்கேயும் போனார். அவர்களுடைய அலாரத்தில் 2009 என்று தேதி. புகை அலாரத்துக்குப் பத்தாண்டுதான் ஆயுள். பின்பக்கத்தில் தேதி போட்டிருக்கும்.

விதிமீறல் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் கவுன்சில் 21 நாளுக்குள் உரிமையாளருக்குச் சீர்செய்யும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் 28 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் நம் சம்மதத்தோடு கவுன்சிலே பொருத்தலாம். 5,000 பவுண்டு வரை அபராதமும் விதிக்கலாம். என் வீட்டில் அறிவிப்பு போன ஆறாம் நாளே எல்லாம் வந்துவிட்டன: புகை அலாரம் இரண்டு, கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு. கணப்பைக் கழற்றிப் புகைவழியை அடைத்துவிட்டு மின்சார ஹீட்டர் வைத்தார். ஆகவே அபராதம் எதுவும் இல்லை. எனக்குப் போனது: ஏழு ஷிப்ட்டின் ஊதியம் 924 பவுண்டு, விடுதிக்கு 186, இடையில் வாங்கிய சிறு ஹீட்டருக்கு 45, அலாரத்துக்கு 18. மொத்தம் 1,173. ஒரு மாத வாடகையைவிட அதிகம். கணக்கை எழுதி அனுப்பினேன். பிப்ரவரி வாடகையில் 300 பவுண்டு குறைத்துக்கொண்டார். மீதிக்கு நான் வழக்காடவில்லை. ரசீதுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

உரிமையாளரின் குடும்பத்தோடு அதே வீட்டில், ஓர் அறையை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் நம்மில் ஏராளம். உரிமையாளரோடு வீட்டைப் பகிர்ந்து வாழ்கிறவர்களுக்கு இந்த அலாரம் விதி பொருந்தாது. கேஸ் சோதனை விதி பொருந்தும். உங்களுக்காகக் கேட்க இந்த விதி வராது என்பதால் நீங்களே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது கூடவே வரும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் விதி இன்னும் கடுமை: 2022 முதல் அங்கே புகை அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்க வேண்டும். ஆகவே லண்டனில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து கிளாஸ்கோவில் முடிவெடுக்காதீர்கள்.

ஜனவரி 11 அன்று கணவரும் மகளும் வந்தார்கள். எல்லாவற்றையும் அவரிடம் அன்று இரவுதான் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் எழுந்துபோய், முன்னறை அலாரத்தின் திரையில் 0 என்று இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவலி எனக்கு மார்ச் வரை விட்டு விட்டு வந்தது. சொன்னதைச் சட்டென்று மறக்கும் தொல்லை இன்னும் சற்று இருக்கிறது.

ஜூன் மாதம் இல்ஃபோர்டில் வேறு வீட்டுக்கு மாறினோம். காலி செய்யும் வாரத்தில் புதிதாகக் குடிவர ஒரு பெண் வீடு பார்க்க வந்தார். தஞ்சாவூர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். உரிமையாளர் வாசலில் நின்று யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல வீடா அக்கா?" என்று என்னிடம் கேட்டார் அந்தப் பெண். நான் ஸ்டூலை இழுத்து நடையில் போட்டு, ஏறிப் பட்டனை அழுத்தச் சொன்னேன்.